வியட்நாம் யார் பக்கம்? நெடுங்கண்டம் தம்பிக்கு ஒரு பதில்

இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "வியட்நாம் இன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதிக்கு விருந்து வைக்கிறது, நாளைக்கு சீன ஜனாதிபதிக்கு சிவப்புக் கம்பளம் விரிக்கிறது. இது எத்தனை நாளைக்கு ஓடும் அண்ணே? கடைசியில் யாராவது ஒருவர் காலில் விழத்தானே வேண்டும்? நம்ம மிளகு விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இந்தியா ஏன் இதே மாதிரி செய்யக்கூடாது?"

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓடும், யார் காலிலும் விழாமலே ஓடும். ஆபத்து இல்லாமல் ஓடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்த ஆபத்தும் எல்லோரும் பயப்படுகிற தென்சீனக் கடலில் இருந்து வருவதை விட, சுங்கத்துறை கேட்கிற ஒரு காகிதத்தில் இருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நான் குமுளிப் பக்கம் மிளகு, ஏலக்காய் என்று மலஞ்சரக்கு வியாபாரத்தில் இருப்பவன். வியட்நாமில் விளைச்சல் கூடினால் இங்கே மிளகு விலை இறங்கும் என்பதால் அந்த நாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன், போகப் போக மிளகை விட அவர்கள் அரசியல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1978இல் இருந்து தொடங்கினால்தான் இது புரியும். அமெரிக்கப் போர் முடிந்து 3 வருடம்தான் ஆகியிருந்தது. கம்போடியாவை அப்போது ஆண்ட கெமர் ரூஜின் படை எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் சீனா நின்றது. வியட்நாம் என்ன செய்தது? முழுசாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஜூன் மாதம் சோவியத்தின் பொருளாதார அணியில் சேர்ந்தது, நவம்பரில் மாஸ்கோவோடு நட்பு ஒப்பந்தம் போட்டது, டிசம்பர் கடைசியில் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியது. 1979 பிப்ரவரி 17 அன்று சீனா வடக்கு எல்லை நெடுக உள்ளே நுழைந்தது. ஒரு மாதம் சண்டை, எல்லையோர லாங் சோன் நகரம் இடிபாடாகிப் போனது, இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒப்பந்தம் போட்ட சோவியத், ஆயுதம் கொடுத்தது, அறிக்கை விட்டது, சண்டைக்கு வரவில்லை.

அதோடு முடியவில்லை. கம்போடியாவில் 10 வருடம் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவின் பொருளாதாரத் தடை ஒரு பக்கம், எல்லையில் சீனாவின் பீரங்கி இன்னொரு பக்கம், 1986இல் விலைவாசி ஒரே வருடத்தில் 700 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1988 மார்ச்சில், தென்சீனக் கடலில் இரண்டு நாடுகளும் உரிமை கேட்கிற ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் ஒரு பவளத்திட்டில் சீனக் கடற்படை சுட்டு 64 வியட்நாம் வீரர்கள் இறந்தார்கள். அந்த நேரத்தில் வியட்நாமின் கேம் ரான் துறைமுகத்தில்தான் சோவியத் கடற்படை தளம் போட்டிருந்தது. அங்கிருந்து ஒரு கப்பல் கூட உதவிக்கு வரவில்லை, ஏனென்றால் மாஸ்கோ அப்போது பெய்ஜிங்கோடு சமரசத்துக்கு முயன்றுகொண்டிருந்தது. தன் வீட்டு முற்றத்திலேயே நின்றவன் கூட ஆபத்துக்கு வரவில்லை. இன்றைக்குத் தலைநகர் ஹனோயில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் எல்லோரும் இந்தப் பத்து வருடத்தைப் பார்த்தவர்கள், இல்லாவிட்டால் பார்த்தவர்களிடம் பாடம் கேட்டவர்கள். அவர்கள் இரண்டு பேரையும் சமமாக வைத்துக்கொள்வதை சாமர்த்தியம் என்று நாம் சொல்கிறோம், எனக்கு அது பட்ட காயத்தில் இருந்து வந்த பழக்கமாகத்தான் தெரிகிறது.

அப்புறம் வரிசையாகக் கதவைத் திறந்தார்கள். 1991 நவம்பரில் சீனாவோடு உறவு சீரானது. 1995 ஜூலையில் அமெரிக்காவோடு தூதரக உறவு, அதே மாதம் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் உறுப்பினர். 1999இல் சீனாவோடு நில எல்லை ஒப்பந்தம் போட்டு, அந்த எல்லை முழுவதற்கும் கல் நட்டு 2008 முடிவதற்குள் வேலையை முடித்தார்கள். 2000இல் டோங்கின் வளைகுடாவையும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். தீர்க்க முடிந்ததைத் தீர்த்துவிட்டு, தீராத பாராசெல், ஸ்ப்ராட்லி தீவுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். சண்டை இருக்கிறது, ஆனால் சண்டை எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரியும்.

வியட்நாமைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'மூங்கில் ராஜதந்திரம்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மறைந்த கட்சித் தலைவர் நுயென் பூ த்ரோங் சொன்னது அது: வேர் உறுதி, தண்டு பலம், கிளை மட்டும் வளையும். நல்ல பேச்சுத்தான், ஆனால் என்னைக் கேட்டால் 2003இல் கட்சியின் மத்தியக் குழு போட்ட ஒரு தீர்மானம்தான் உண்மையான திருப்பம். எந்த நாட்டையும் நிரந்தர நண்பன், நிரந்தர எதிரி என்று முத்திரை குத்த வேண்டாம், ஒரே நாட்டோடு சேர்ந்து செய்ய வேண்டியதும் இருக்கும், எதிர்த்து நிற்க வேண்டியதும் இருக்கும், இரண்டையும் தனித்தனியாக நடத்து என்பது அதன் சாரம். ஒரு கம்யூனிஸ்ட் கட்சி, வர்க்க நண்பன் வர்க்க எதிரி என்று பேசியே வளர்ந்த கட்சி, இப்படி எழுதியது லேசான காரியம் கிடையாது. அதற்குப் பிறகு சீனா அவர்களுக்குச் சகோதரக் கட்சியும் ஆனது, கடலில் மோதுகிற ஆளும் ஆனது. அமெரிக்கா பெரிய சந்தையும் ஆனது, ஆட்சியைக் கவிழ்க்கப் பார்ப்பார்களோ என்று சந்தேகப்பட வேண்டிய ஆளும் ஆனது. 2015 ஜூலையில் ஒபாமா அதே த்ரோங்கை வெள்ளை மாளிகைக்கு அழைத்து உட்கார வைத்தபோதுதான் அந்தச் சந்தேகம் ஓரளவு இறங்கியது. அடுத்த வருடம் மே மாதம் ஒபாமா ஹனோய் வந்து ஆயுத விற்பனைத் தடையையும் முழுசாக நீக்கினார்.

பாதுகாப்பில் அவர்கள் வைத்திருப்பது நான்கு 'கிடையாது'கள். ராணுவக் கூட்டணி கிடையாது, ஒரு நாட்டோடு சேர்ந்து இன்னொரு நாட்டை எதிர்ப்பது கிடையாது, அந்நியருக்குத் தளம் கிடையாது, பலத்தைக் காட்டுவதோ மிரட்டுவதோ கிடையாது. இது 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் இருக்கிறது. படிப்பவர்கள் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைப்பார்கள். ஆனால் அதே அறிக்கையில், சூழ்நிலையைப் பொறுத்து மற்ற நாடுகளோடு தேவையான பாதுகாப்பு உறவை வளர்த்துக்கொள்வோம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சீனாவுக்கு இதன் அர்த்தம் நன்றாகவே புரியும்: நீ அடக்கமாக இருக்கும் வரை நான் அமெரிக்காவுக்குத் தளம் கொடுக்க மாட்டேன். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் விமானம் தாங்கிக் கப்பல் கார்ல் வின்சன், போருக்குப் பிறகு முதல் முறையாக, தனாங் துறைமுகத்துக்கு வந்துபோனது. நாலு நாள் விருந்தாளி, அவ்வளவுதான். ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

அவர்கள் வேலை செய்கிற முறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் 2022 அக்டோபரில் இருந்து 2024 ஜூன் வரை தேதிகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள் தம்பி. ஷி ஜின்பிங் மூன்றாவது முறை கட்சித் தலைவரானதும், அடுத்த சில நாட்களிலேயே பெய்ஜிங் போய் இறங்கிய முதல் வெளிநாட்டுத் தலைவர் த்ரோங். 2023 ஜூனில் பிரதமர் பாம் மின் சின் சீனா போனார். ஆகஸ்ட் கடைசியில் த்ரோங், 79 வயதில், உடம்பு சரியில்லாத நிலையிலும், சீனத் தூதரைக் கூட்டிக்கொண்டு லாங் சோனில் இருக்கிற 'நட்பு வாசல்' எல்லைக்குப் போய் நின்றார். இதையெல்லாம் முடித்துவிட்டு, செப்டம்பர் 10 அன்று பைடனை ஹனோயில் வரவேற்று, அமெரிக்க உறவை ஒரே தாவலில் இரண்டு படி உயர்த்தி, சீனாவுக்குக் கொடுத்திருந்த அதே உச்சத் தகுதியைக் கொடுத்தார். டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தார், 36 ஒப்பந்தம் கையெழுத்தானது, 'பகிர்ந்த எதிர்காலம்' என்று சீனா கேட்டுக்கொண்டிருந்த வாசகத்துக்கும் தலையாட்டினார்கள். அடுத்த ஜூனில் புட்டின் வந்துபோனார். அமெரிக்காவின் பக்கம் வைத்த ஒவ்வொரு அடிக்கும் முன்னாலும் பின்னாலும் சீனாவுக்கு ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள் பாருங்கள். பெய்ஜிங்குக்கு எதுவும் திடுக்கென்று வரக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். இந்தப் பொறுமையைத்தான் நான் மதிக்கிறேன்.

இரண்டு பேரை மட்டும் நம்பி நின்றால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் அதே உச்சத் தகுதியை ரஷ்யா, இந்தியா, தென்கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். நம் கடற்படை 2023 ஜூலையில் ஓடிக்கொண்டிருந்த ஐஎன்எஸ் கிர்பான் போர்க்கப்பலையே அவர்களுக்குக் கொடுத்தது. இதன் பலனைக் கடலில் பார்க்கலாம். அமெரிக்காவோடு 1951 முதல் பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருக்கிற பிலிப்பைன்ஸ், ஸ்ப்ராட்லியில் ஒரு திட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிற தன் பழைய கப்பலில் உள்ள வீரர்களுக்குச் சோறு தண்ணீர் கொண்டுபோனபோதே 2023இலும் 2024இலும் சீனாக்காரன் தண்ணீர்ப் பீரங்கி அடித்தான். வியட்நாமோ 2021இல் இருந்து ஸ்ப்ராட்லியில் தன் வசம் உள்ள திட்டுகளில் மண் கொட்டிப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறது, சீனா அறிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நிதானம் ஒரே கட்சி ஆட்சியின் நிதானம். 2014 மே மாதம் சீனா எண்ணெய்த் துரப்பண மேடையைக் கொண்டுவந்து பாராசெல் பக்கம் நிறுத்தியபோது, பின் யூவோங் தொழிற்பேட்டையில் ஜனங்கள் கொதித்து எழுந்து தைவான்காரர்களின் ஆலைகளைக் கூட சீனாக்காரன் ஆலை என்று நினைத்துக் கொளுத்தினார்கள். 2018 ஜூனில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் 99 வருடக் குத்தகை என்று மசோதா வந்ததும், அது சீனாவுக்குத்தான் போகும் என்று பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள், மசோதாவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. போராடியவர்கள் பலர் ஜெயிலுக்கும் போனார்கள். வெளியே அழகாக வளைகிற கிளைக்கு உள்ளே இந்த அழுத்தம் இருக்கிறது. அந்தச் சமநிலையை நான் பாராட்டுகிறேன் என்பதற்காக அந்த ஜெயிலையும் பாராட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தச் சுங்கக் காகிதத்துக்கு, அதாவது சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்கிற சான்றிதழுக்கு வருகிறேன். 1979இல் இடிந்துபோன லாங் சோன்தான் இன்றைக்கு வியட்நாமின் மூச்சுக்குழாய். தெற்கே விளைகிற டுரியனும் பலாப்பழமும் அந்த வழியாகத்தான் சீனா போகிறது, சீனாவில் இருந்து மின்னணு உதிரி பாகங்கள் அந்த வழியாக வந்து பாக் நின், தாய் நுயென் ஆலைகளுக்குப் போகின்றன. சாம்சங் உலகம் முழுக்க விற்கிற போன்களில் ஏறக்குறைய பாதி அந்த இரண்டு மாகாணங்களில் பாகங்களைப் பூட்டிச் செய்யப்படுகிறது. 2021 டிசம்பரில் சீனா கொரோனா என்று சொல்லி வாசலை இறுக்கியபோது ஆயிரக்கணக்கான லாரிகள் வாரக்கணக்கில் நின்று பழம் எல்லாம் அழுகியது. 2020இல் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் செக்போஸ்ட் மூடினபோது கம்பத்தில் இருந்து ஜீப்பில் வருகிற ஆட்கள் வர முடியாமல் ஏலக்காய் எடுக்க ஆளின்றித் தவித்தோமே, ஒரு வாசலை நம்பிப் பிழைப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாகம் சீனாவில் இருந்து வருகிறது, பூட்டிய சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2024இல் மட்டும் அமெரிக்கக் கணக்குப்படி வியட்நாம் அவர்களிடம் வாங்கியதை விட விற்றது 12,000 கோடி டாலருக்கு மேல் அதிகம். சீனாவோடு கணக்கு அப்படியே தலைகீழ், அங்கே வாங்குவதுதான் அதிகம். பைடனுக்கு விருந்து வைத்தும், ஷிக்கு விருந்து வைத்தும் இந்தக் கணக்கு மாறவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் வியட்நாம் சரக்குக்கு 46 சதவீத வரி என்று அறிவித்தார். த்ரோங்குக்குப் பிறகு கட்சித் தலைவரான தோ லாம் இரண்டே நாளில் டிரம்புக்கு போன் போட்டு, உங்கள் சரக்குக்கு நாங்கள் வரியையே எடுத்துவிடுகிறோம் என்றார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஷி ஜின்பிங் ஹனோய் வந்து இறங்கினார், 45 ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலை 2 அன்று டிரம்ப் புது ஏற்பாட்டை அறிவித்தார்: வியட்நாம் சரக்குக்கு 20 சதவீதம், வேறு நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாகச் சுற்றி வந்தால் 40 சதவீதம்.

2025இல் கழுத்துக்கு வந்த கத்தி அந்த 40தான். சீனச் சட்டையில் லேபிளை மட்டும் மாற்றி அனுப்பினால் அது மோசடி, யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் சீனக் கண்ணாடி, சீன பேட்டரி, கொரிய சிப் எல்லாம் வாங்கி பாக் நின்னில் ஒரு பெண் உட்கார்ந்து பூட்டிய போன் எந்த நாட்டுச் சரக்கு? எத்தனை சதவீதம் சீனப் பாகம் இருந்தால் அது சீனச் சரக்கு ஆகும்? அறிவித்த அன்றைக்கு அதற்கு விளக்கமே கொடுக்கவில்லை. வாஷிங்டன் அந்த அளவை இறுக்கினால், வியட்நாம் சீனப் பாகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் பெய்ஜிங் கோபப்படும். தன்னைப் பலி கொடுத்து யாரும் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போடக்கூடாது என்று சீனா வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. இத்தனை வருடமும் தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிச் சமாளித்தார்கள். உதிரி பாகத்தின் சதவீதத்தை அப்படி விருந்து வைத்துச் சமாளிக்க முடியாது.

மிளகுக்கு வருவோம். நமக்கு இந்த 'எந்த நாட்டுச் சரக்கு' வழக்கு புதிதில்லை. இலங்கையோடு நாம் போட்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தில் வருடம் 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி இலங்கைச் சான்றிதழோடு இங்கே வருகிறது என்பது இடுக்கி விவசாயிகளின் பல வருடப் புகார். அந்தக் கூச்சலில்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி செய்யக்கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தது. நம் கட்டப்பனைக் கடைகளில் சரக்கைக் கையில் அள்ளியதும், லிட்டர் அளவையில் கொட்டி எடை பார்ப்பார்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்பதில் மணியின் திடம் தெரியும், முகர்ந்தால் காரமும் எண்ணெயும் தெரியும். ஆனால் மூட்டையின் மேல் இருக்கிற சான்றிதழை முகர்ந்து பார்த்து அது எந்தத் தோட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் கொழும்பைப் பார்த்துச் சொன்ன அதே புகாரைத்தான் அமெரிக்கா இப்போது வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தைப் பார்த்துச் சொல்கிறது.

விலைக்குச் சம்பந்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2024இல் வியட்நாம் ஏற்றுமதி செய்த மிளகு சுமார் 2.5 லட்சம் டன். அதில் 70 ஆயிரம் டன்னுக்கு மேல் அமெரிக்கா வாங்கியது. சீனா 2023இல் சுமார் 60 ஆயிரம் டன் வாங்கிவிட்டு, அடுத்த வருடம் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வாங்கவில்லை. அந்த வருடம் மிளகு விளைகிற டக் லக் மாகாணத்து விவசாயி தப்பித்ததற்கு, விளைச்சல் குறைவாக இருந்ததும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கேட்டு வாங்கியதும் காரணம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொண்டால் அந்தச் சரக்கு மலிவு விலையில் வேறு துறைமுகம் தேடும், தேடுகிற இடங்களில் கொச்சியும் ஒன்று. அங்கே எண்ணெய்ச்சாறு எடுத்து ஏற்றுமதி செய்கிற ஆலைகள் வரியில்லாமல் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் அமெரிக்கா எவ்வளவு வரி போடுகிறது என்ற செய்தியை, மழை நிலவரம் பார்க்கிற மாதிரி நம் ஆட்களும் பார்த்தாக வேண்டும்.

இந்தியா ஏன் செய்யக்கூடாது என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவும் செய்யத்தான் செய்கிறது. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25 சதவீதம் சேர்த்து அமெரிக்கா நமக்குப் போட்ட வரியை 50 சதவீதமாக்கியது, அதே மாதக் கடைசியில் மோடி தியான்ஜின் போய் ஷி ஜின்பிங்கைப் பார்த்தார். உருவத்தில் நாம் பெரிய நாடு, சொந்த அணு ஆயுதமும் சொந்தச் சந்தையும் இருப்பதால் வியட்நாம் அளவுக்கு ஒவ்வொரு அடியையும் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் நம்மை விட வெகு தூரம் முன்னால் இருக்கிறார்கள். சீனாவோடு ரத்தம் சிந்திய நில எல்லையை அவர்கள் பேசி முடித்து, கல் நட்டு, மூடிவிட்டார்கள். நம் எல்லைக் கோடு லடாக்கில் எங்கே போகிறது என்பதே இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகாமல் 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். அந்தக் கோடு வரையப்படும் வரை பெய்ஜிங்கோடு எந்தச் சமநிலை போட்டாலும், ஏதோ ஒரு ரோந்துப் படை எதிரெதிரே சந்திக்கிற ஒரு மாலையில் அது குலைந்துபோக முடியும்.